மடி விட்ட ஆலமரம்

ஊஞ்சப்பாளையத்துக் குட்டைக்கரை ஆலமரம் குதிரைப்பால் சுரக்கிறது என்று தெரிந்த மறுநாள் காலையில், பால் சொசைட்டி செயலாளர் குப்பணன் லாக்டோமீட்டரையும் ஒரு தூக்குப்போசியையும் எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். தொங்குகிற விழுது ஒன்றில் கால் லிட்டர் பீய்ச்சிக்கொண்டார். கருவியை உள்ளே மிதக்கவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "டிகிரி வரலீங்க, சொசைட்டில எடுக்க முடியாது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, போசியைக் குட்டையில் அலசிக்கொண்டு போய்விட்டார்.

மரம் பால் சுரப்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரில் வேறு யாரும் பேசவில்லை. ஆலமரத்தில் பால் இருப்பது உலகம் அறிந்தது, இலையைக் கிள்ளினால் வரும். இந்த மரத்தில் கிள்ளாமல் வருகிறது, வருவதும் குதிரைப்பாலாக வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று டீக்கடையில் பேசி முடித்துவிட்டு, அந்த வித்தியாசத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்கிற அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள். தெய்வாத்தாள் ஒருத்திக்குத்தான் கவலை வேறாக இருந்தது. அந்தப் பாலை நம்பி ஒரு குதிரைக்குட்டி இருந்தது. அது பிறந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு வேறு பால் இல்லை.

ஊருக்கு மேற்கே, மலை எழும்பத் தொடங்குகிற இடத்தில், அதே குட்டைக்கரையை ஒட்டி ஒரு குதிரைப் பண்ணை உண்டு. அங்கே குதிரை விற்க மாட்டார்கள், பந்தயத்துக்குப் பழக்க மாட்டார்கள். சினைக் குதிரைகளுக்குப் பேறு பார்த்து, தாயையும் குட்டியையும் நல்லபடியாகத் திருப்பி அனுப்புவது மட்டும்தான் வேலை. குதிரைக்குச் சினைக்காலம் பதினோரு மாதம். பத்தாவது மாதம் பிறந்ததும் சுற்றுவட்டாரத்தில் குதிரை வைத்திருப்பவர்கள், தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்து வருவதுபோல, வண்டியில் வைக்கோல் மெத்தை போட்டு மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போவார்கள். சிலர் குதிரையின் கழுத்துக் கயிற்றில் கண்ணாடி வளையல் கோத்துக் கட்டியிருப்பார்கள். ஒரு அம்மாள் ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு வந்து, குதிரை தின்னாது என்று சொல்லியும் கேட்காமல் இறக்கி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். பண்ணைக்கு வாசலில் ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. ஆனால் யாரைக் கேட்டாலும் குதிரைத் தாய்வீடு என்றுதான் வழி சொல்வார்கள்.

அந்தத் தாய்வீட்டில் பேறு பார்ப்பவள் தெய்வாத்தாள். ஐம்பது வயது, ஒடிசலான உடம்பு, கூச்ச சுபாவம். நாலு பேர் நிற்கிற இடத்தைத் தாண்ட வேண்டியிருந்தால் வரப்பில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போவாள். ஆனால் கொட்டிலுக்குள் போய்விட்டால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. முதலில் மடி விடும், பால் கட்டிப் புடைக்கும். பிறகு வால் அடியில் இருபுறமும் சதை குழைந்து, தொட்டால் களிபோல அமுங்கும். பிறகு காம்பு நுனியில் மஞ்சளாக ஒரு துளி கசிந்து இறுகி நிற்கும், தேன்மெழுகை உருட்டி ஒட்டியதுபோல. மெழுகு வைத்துவிட்டது என்றால் அநேகமாக மறுநாளுக்குள் குட்டி. குட்டி எப்படி வரவேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும்: நீந்தக் குதிப்பவன்போல முன்னங்கால் இரண்டையும் நீட்டி, ஒன்று சற்று முன்னால் ஒன்று சற்றுப் பின்னால், அவற்றின்மேல் மூக்கை வைத்துக்கொண்டு வரவேண்டும். தாயின் வயிற்றைக் கிழித்துவிடக் கூடாது என்று பிஞ்சுக் குளம்புகளுக்கு இளம் நுங்குபோல மெத்தென்ற உறை போட்டு அனுப்பியிருக்கும். அந்த உறையைப் பார்க்கும்போதெல்லாம், எத்தனையோ குட்டி எடுத்த பிறகும், தெய்வாத்தாள் ஒரு நொடி கையை நிறுத்திப் பார்ப்பாள்.

குட்டி விழுந்த பிறகுதான் அவளுடைய கணக்கு தொடங்கும். முதல் மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும். இரண்டாம் மணிக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். குடிக்காத குட்டிக்கு நோயைத் தாங்குகிற சக்தி ஒரு சொட்டும் இருக்காது. மூன்றாம் மணிக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும். விழுந்தால் போதாது. கழுவின சிமெண்டுத் தரையில் அதை, ஜவுளிக்கடையில் பட்டுச்சேலை விரிப்பதுபோல அவள் விரிப்பாள். ஒரு கால் நீளமும் ஒரு கால் குட்டையுமாகத் தைத்த கால்சட்டைபோல அது கிடக்கும். ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்து, எங்கும் கிழியவில்லை, எதுவும் குறையவில்லை என்று கண்டபிறகு "முழுசு" என்பாள். நகத்தளவு துண்டு உள்ளே தங்கினாலும் தாய்க்குக் காய்ச்சல் ஏறி, காய்ச்சல் காலுக்கு இறங்கி, குளம்பு கழன்றுவிடும். அவள் வாயிலிருந்து "முழுசு" வரும்வரை பண்ணையில் யாரும் டீ குடிக்கப் போகமாட்டார்கள்.

இது அங்கமுத்துவுக்குத் தெரியாது. அவன் புதிதாக வேலைக்கு வந்தவன், இருபது வருஷம் மாட்டுப் பண்ணையில் இருந்தவன், தங்கமான மனுஷன். மாடு ஈன்றால் என்ன செய்ய வேண்டுமோ அது அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். அந்தியூர்ப் பக்கத்துக் கடலைக்காய் வியாபாரி சென்னியப்பனுடைய குதிரை பவளம் குட்டி போட்ட அன்றைக்கு அதுதான் வினையாகிவிட்டது.

குதிரைகள் பொதுவாக ஆள் அரவம் அடங்கின பிறகு, இருட்டில், கள்ளத்தனமாகத்தான் ஈனும். பவளத்துக்கு அந்த வெட்கமெல்லாம் இல்லை. காலைப் பத்து மணி வெயிலில், கொத்தனார் மேலே ஓடு மாற்றிக்கொண்டிருக்கையில், அவரைப் பார்த்துக்கொண்டே படுத்துப் பெற்றுவிட்டது. செவலைக் குட்டி, பெட்டை. மூச்சுத்தான் சரியாக வரவில்லை. தெய்வாத்தாள் அதன் மூக்குச் சளியை வழித்து, துண்டால் விலாவைத் தேய்த்து, மூக்குத் துளையில் வைக்கோல் நுனியை விட்டு நெருடி, "தும்மு சாமி, தும்மு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அது தும்மியது. கண் திறந்தது. அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, பவளத்தின் பின்னால் தரை துடைத்துவிட்டதுபோல இருந்தது.

"அங்கமுத்து, நஞ்சு எங்கடா?"

"அப்பவே விழுந்திருச்சுங்கக்கா. கட்டிட்டனுங்க."

"எங்க கட்டுனே?"

"ஆலமரத்துலதானுங்க. கெழக்குப் பாத்த கெளை, நாய் எட்டாத ஒசரம். வெக்கப்புல்லுல நல்லாச் சுத்தி, பழைய சாக்குல பொதிஞ்சு, மூணு முடிச்சுப் போட்டு." சொல்லும்போதே அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "பால் மரத்துல கட்டுனாத்தானுங்களே பால் எறங்கும்."

"அது மாட்டுக்குடா!"

"பால்னா பால்தானுங்களேக்கா."

தெய்வாத்தாள் ஓடினாள். அவள் ஓடி ஊர் பார்த்தது அதுதான் முதல் தடவை. கிளையில் சாக்கு இருந்தது, மூன்று முடிச்சும் இருந்தது, வைக்கோலும் உள்ளே ஈரமாக இருந்தது, நஞ்சுக்கொடி இல்லை. காக்கை கொத்தவில்லை, நாய் இழுக்கவில்லை. சாக்கு உரசிக்கொண்டிருந்த இடத்தில் மரத்தின் பட்டை பிளந்து, மறுபடி மூடி, எதையோ விழுங்கிவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்ட வாய்போல இருந்தது.

கோபியிலிருந்து ஸ்கூட்டரில் கால்நடை டாக்டர் மெகருன்னிசா வந்தார். பவளத்தைப் பரிசோதித்து, உள்ளே கழுவிவிட்டார். "எதுவும் தங்கலன்னுதான் தோணுது தெய்வாத்தாக்கா. ஆனா விரிச்சுப் பாக்காம சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். அதற்குள் அடுத்த சங்கடம். காலையில் சுரைக்காய்போலப் புடைத்திருந்த பவளத்தின் மடி, மத்தியானத்துக்கு முன்பே காற்றுப்போன பலூனாகத் தொங்கியது. குட்டி எழுந்து நின்றுவிட்டது. நாலு காலையும் நாலு திசையில் வைத்துக்கொண்டு, தாயின் முழங்காலை முட்டி, மார்பை முட்டி, கடைசியில் காம்பைக் கண்டுபிடித்துச் சப்பியது. ஒன்றும் வரவில்லை. குளிர்ப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்த சீம்பாலை முந்தின வாரம்தான் இன்னொரு குட்டிக்குக் கொடுத்துத் தீர்த்திருந்தார்கள். பால் கொடுக்கிற வேறு குதிரையும் அப்போது பண்ணையில் இல்லை. பவுடர் பாலைப் புட்டியில் கரைத்து நீட்டினால் குட்டி பல்லில்லாத வாயை இறுக்கிக்கொண்டது.

அங்கமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "மரத்துப் பால் மாட்டுக்கு எறங்கும்னுதானுங்க கட்டறது. குதிரைப்பால் மரத்துக்கு ஏறும்னு யாருங்க கண்டா?"

அந்த வார்த்தை தெய்வாத்தாளின் காதில் விழுந்தது. அவள் எழுந்து மறுபடி மரத்தடிக்குப் போனாள். விழுதுகளைப் பார்த்தாள். தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்ற ஒவ்வொரு விழுதின் நுனியிலும், மஞ்சளாக, உருட்டி ஒட்டியதுபோல, ஒரு துளி.

"டாக்டரம்மா," என்று கூப்பிட்டாள். "மரம் மெழுகு வெச்சிருக்குதுங்க."

டாக்டர் வந்து பார்த்தார். ஒரு விழுதின் நுனியை முகர்ந்தார். பிறகு, "அப்பக் கறந்து பாருங்க. நின்னுட்டு இருந்தா எப்படி?" என்றார்.

தெய்வாத்தாள் கையைக் கழுவிக்கொண்டு, குதிரைக் காம்பைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் விழுது நுனியைப் பிடித்து மெல்ல இறக்கினாள். மெழுகு உதிர்ந்தது. தேன்போலக் கெட்டியாகச் சீம்பால் வந்தது. டாக்டர் ஒரு சொட்டைச் சீம்பால் பார்க்கிற கண்ணாடிக் கருவியில் விட்டு, வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்து, "இத்தனை சத்தோட நான் எந்தக் குதிரையிலயும் பாத்ததில்லக்கா" என்றார். குட்டியைக் கித்தானில் வைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். அது மரத்தை முகர்ந்தது, தன் வாய்க்குச் சரியான உயரத்தில் தொங்கிய ஒரு விழுதைத் தானே தேடிப் பிடித்தது, தலையால் ஒரு முட்டு முட்டியது, குடித்தது. குடிக்கக் குடிக்க அதன் குஞ்சு வால் மேலும் கீழும் ஆடியது. இரண்டாம் மணி நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது.

அதற்குப் பிறகு ஊர் வந்தது.

கோயில் பூசாரி ராக்கியப்பன் மஞ்சள் சேலை ஒன்றைக் கொண்டுவந்து அடிமரத்தைச் சுற்றிக் கட்டி, இனிமேல் இது பாலாத்தாள் என்று பெயர் வைத்தார். கற்பூரத்தைக் கையில் எடுத்தவர், நினைவு வந்து மடியில் முடிந்துகொண்டு, "பேறு ஆன எடம், தீட்டு இருக்குது, தீட்டுக் கழிஞ்சுதான் பூசை" என்றார். ஆக, சாமியும் ஆகிவிட்டது, சாமிக்குத் தீட்டும் ஆகிவிட்டது. அதனால் பெண்கள் பூசைக்குப் பதிலாகப் பத்தியம் கொண்டுவந்தார்கள். சுக்கும் பூண்டும் தட்டிப்போட்ட கஷாயத்தை ஆற்றி, வேரடியில் ஊற்றி, "குளுந்த தண்ணி ஒருத்தரும் ஊத்திப் போடாதீங்க, பச்ச ஒடம்பு" என்று குட்டைக்குத் துணி துவைக்க வந்தவர்களை எச்சரித்தார்கள். டீக்கடைக்காரர் நாலு லிட்டர் பிடித்துப்போய் டீ போட்டார். அந்த டீயைக் குடித்தவர்கள் நின்றுகொண்டே தூங்கப் பழகினார்கள். முகம் மழிப்பவருக்கு மட்டும் அது இடைஞ்சலாக இருந்தது, பஸ் கண்டக்டருக்கு நல்லதாகப் போயிற்று, முன்னைவிடப் பத்துப் பேரைக் கூடுதலாக ஏற்றினார். பாலாகவே குடித்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மணி அடிக்கும் முன்னே போய்ச் சேர்ந்தார்கள். வாத்தியார்தான் பிந்தினார், அவர் கடுங்காப்பிக்காரர். இதெல்லாம் இரண்டு மூன்று நாளில் பழகிவிட்டது. விடிந்தால் மரத்தடியில் சொம்பும் போசியும் குடமுமாக வரிசை; வரிசையில் சண்டை; சண்டையில் உறவு முறிந்து, பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது உறவு கூடியது.

குட்டி வரிசையில் நிற்கத் தெரியாமல் ஓரத்தில் நின்றது.

குதிரைக்குட்டி மாட்டுக்கன்றுபோல வேளைக்கு வேளை குடிப்பதில்லை. மணிக்கு நாலைந்து தடவை, கொஞ்சம் கொஞ்சமாக, விளையாட்டாக வந்து குடிக்கும். அது வரும்போதெல்லாம் விழுதில் யாருடைய கையாவது இருந்தது. ஐந்தாம் நாள் பால் மெலிந்தது. ஆறாம் நாள் மரம் பாலை ஒளித்துக்கொண்டது; ஆறு விழுதைப் பிடித்தால் ஒன்றில் வந்தது. குட்டி விழுதுவிட்டு விழுது போய் முட்டிக்கொண்டிருந்தது. அதன் விலாவில் எலும்பு தெரியத் தொடங்கியதைத் தெய்வாத்தாள் பார்த்தாள். தாயிடம் கொண்டுபோய் விட்டால் பவளம் அதை முகர்ந்து, ஆலம்பால் வாடை அடிப்பதைக் கண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

அன்றைக்குத்தான் சென்னியப்பன் இரண்டு கிலோ லட்டோடு வந்து இறங்கினார். "எம்புள்ள எப்படி இருக்கறா? என்ன கொழந்தை?" என்று வாசலிலேயே கேட்டுக்கொண்டு வந்தவர், விவரம் கேட்டதும் லட்டுப் பெட்டியை அங்கமுத்துவின் கையில் கொடுத்துவிட்டு மரத்தடிக்கு நடந்தார்.

"ஏனுங்க, இது எம்பட பவளத்துப் பாலு. ஒரு சொம்புகூட யாரும் புடிக்கப்படாது."

"பால் உங்குளுதா இருக்கலாமுங்க," என்றார் வரிசையில் முதலாவதாக நின்றவர். "மரம் பொறம்போக்குல நிக்குது. பொறம்போக்குல வெளையறது ஊருக்குப் பொதுவுங்க."

"அப்ப உங்க ஊட்டு மாடு எங்க தோட்டத்துல வந்து நின்னா பாலு எனக்குங்களா?"

"மாடு நடந்து வருமுங்க. மரம் நடக்குதுங்களா?"

சென்னியப்பன் அடுத்த வாதத்தை எடுப்பதற்குள் பூசாரி குறுக்கே வந்து, சாமி பாலில் வழக்குப் பேசுவது குற்றம் என்றார். தீட்டு உள்ள சாமி பேசவிடும் என்றார் இன்னொருவர்.

தெய்வாத்தாள் இந்தக் கூட்டத்தில் சேரவில்லை. மரத்தின் பின்பக்கம் டாக்டரோடு நின்று, பட்டையில் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டை சுட்டது. நிழலில் நிற்கிற மரம் அப்படிச் சுடாது. மேல் கிளைகளில் இலை பழுத்து, பருவமில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது. பட்டை மூடிய இடத்தில் ஒரு வாடை; அவளுக்குப் பழக்கமான வாடை.

டாக்டரும் முகர்ந்து பார்த்தார். "இது ஒரு குதிரையா இருந்திருந்தா என்ன சொல்லுவேன் தெரியுமா? நஞ்சு விழலன்னு சொல்லுவேன்."

"நானும் அதேதானுங்க நெனைச்சேன்."

"விழலைன்னா மரமும் போயிரும், பாலும் கெட்டுரும். அப்புறம் குட்டியை நம்மால காப்பாத்த முடியாதுக்கா."

"ஊசி போட்டாச் சுருங்கி விழுமேங்க."

"ஆலமரத்துக்கு எந்த நரம்புல போடறது?" டாக்டர் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். "ஊசி இல்லைன்னா ஒரே வழி உங்களுக்கே தெரியும். குட்டி விடாம இழுத்துக் குடிக்கணும். அது முட்டி முட்டிக் குடிச்சாத்தான் உள்ள சுருங்கும்."

"சொம்பு புடிச்சா?"

"சொம்பு முட்டாதேக்கா."

தெய்வாத்தாள் மரத்தைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். அங்கே ஊரே நின்றது. "எல்லாரும் போயிருங்க" என்றாள். பக்கத்தில் நின்ற ஆட்டுக்குக்கூடக் கேட்கவில்லை. குட்டி இரண்டு பேரின் கால்களுக்கு நடுவே தலையை நுழைத்து விழுதை எட்டப் பார்த்தது. யாரோ ஒருவர் பார்க்காமலே அதன் முகத்தை முழங்காலால் தள்ளினார். அதைப் பார்த்ததும் தெய்வாத்தாளின் கூச்சம் எங்கே போனதோ போய்விட்டது. கொட்டிலில் குதிரை வலியில் கிடக்கையில் வேடிக்கை பார்க்க வருகிறவர்களிடம் சொல்வதை, கொட்டிலில் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"பேறு பாக்கற எடத்துல ஆம்பளைங்களுக்கு என்ன வேலை?"

ஆண்கள் விழுதுகளிலிருந்து கையை எடுத்தார்கள்.

"பேறுதான் முடிஞ்சிருச்சே," என்றார் குப்பணன் ஈனக் குரலில்.

"நஞ்சு விழுகாம என்னங்க முடிஞ்சுது? மரத்தைத் தொட்டுப் பாருங்க, காச்சல் கொதிக்குது. ஆறு நாளா அது அந்தரத்துல நிக்குது, நீங்க அதுகிட்டப் பால் புடிக்கறீங்க."

குப்பணன் தொட்டுப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டு, துண்டைத் தோளிலிருந்து இறக்கி, தலையைக் குனிந்துகொண்டு முதலாவதாக நடந்தார். அவர் பின்னால் சென்னியப்பன் போனார், பூசாரி போனார், நின்றுகொண்டே தூங்கிய இருவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு மற்றவர்கள் போனார்கள். குட்டைக்கு அந்தக் கரையில், பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற முகத்தோடு, வரிசையாக உட்கார்ந்தார்கள். அங்கமுத்து மட்டும் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நடுவில் நின்றான். அவன் வேலையாள் என்பதால் தெய்வாத்தாள் அவனை ஆண்பிள்ளைக் கணக்கில் சேர்க்கவில்லை, கையைக் காட்டி இருக்கச் சொன்னாள்.

பெண்கள் போகவில்லை. அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. காட்டு வேலையின் நடுவே ஒருத்திக்கு வலி கண்டால் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள்: சொம்புகளைக் கீழே வைத்துவிட்டு, மரத்தைச் சுற்றி வட்டமாக, மரத்துக்கு முதுகு காட்டி நின்று, முந்தானையை ஒருத்தி விரித்து அடுத்தவள் கையில் கொடுத்து, அவள் தன்னுடையதை விரித்து அதற்கடுத்தவள் கையில் கொடுத்து, ஒரு பெரிய மறைப்புக் கட்டினார்கள். பச்சையும் ஊதாவும் அரக்குமாக அந்த மறைப்பு காற்றில் உப்பியது. உள்ளே மரமும் குட்டியும் தெய்வாத்தாளும் டாக்டரும் அங்கமுத்துவும் இருந்தார்கள்.

குட்டி ஒரு விழுதைப் பிடித்தது. வரவில்லை. முட்டியது. இன்னொன்றைப் பிடித்து முட்டியது. யாரும் தள்ளவில்லை என்று தெரிந்ததும் அதற்குத் துணிச்சல் வந்து, நெற்றியால் ஓங்கி இடித்தது. நாலாவதோ ஐந்தாவதோ இடித்தபோது பால் இறங்கியது. குடித்தது, சுற்றி ஓடியது, மறுபடி வந்து குடித்தது. வெயில் ஏறி, வெயில் சாய்ந்து, முந்தானை பிடித்த கைகள் மரத்துப்போய், கை மாற்றிப் பிடித்து, ஒருத்தி வீட்டில் அடுப்பில் வைத்த சாம்பார் தீய்ந்து அந்த வாடை குட்டைவரை வந்தும் அவள் அசையாமல் நிற்க, சாயங்காலம் ஆகிறபோது காற்றில்லாமல் மரம் ஒரு தடவை சிலிர்த்தது. கிழக்குக் கிளையில் பட்டை திறந்தது. சிவப்பாகவும் வெள்ளையாகவும் அது வெளியே வந்து, பாதியில் தொங்கியது.

அங்கமுத்து ஏணியில் ஏறிக் கையை நீட்டினான்.

"தொடாதே! இழுத்தாக் கிழிஞ்சிரும். தொங்கறதை முடிச்சுப் போட்டு விட்டுரு, அதோட பாரமே அதை எறக்கும்."

அவன் முடிச்சுப் போட்டான். அதை அவன் அவ்வளவு பதமாகப் போட்டதைப் பார்த்து டாக்டர் தலையாட்டினார். காத்திருந்தார்கள். ஒரு கொக்கு வந்து உட்கார்ந்து பறந்துபோன நேரத்துக்குப் பிறகு, தானாக, முழுப் பாரத்தோடு, அது அங்கமுத்துவின் இரண்டு கைகளிலும் விழுந்தது.

கடலைக்காய் காயப்போடுகிற கித்தானை விரித்து, அதன்மேல் தெய்வாத்தாள் அதை விரித்தாள். நீளக் கால், குட்டைக் கால். ஓரம் ஓரமாகத் தடவினாள். டாக்டர் எதிர்ப்பக்கம் இருந்து தடவிக்கொண்டு வந்தார். இருவர் விரலும் நடுவில் சந்தித்தன.

"முழுசு," என்றாள் தெய்வாத்தாள்.

பெண்களின் வட்டத்தில் அந்த வார்த்தை வாய் மாறி வாய் போய், குட்டையைத் தாண்டி ஆண்களுக்குப் போயிற்று. சென்னியப்பன் எழுந்து நின்று கும்பிட்டார், யாரை என்று அவருக்கே தெரியாது.

அந்நேரம் பண்ணைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. கனைப்பு இல்லை, தொண்டைக்குள்ளேயே உருளுகிற தணிந்த சத்தம். புதிதாக ஈன்ற குதிரை தன் குட்டியிடம் மட்டும் பேசுகிற பேச்சு அது. ஆறு நாளாகப் பவளம் அதைப் பேசவில்லை. அங்கமுத்து ஓடிப்போய்க் கூட்டி வந்தான். வரும் வழியெல்லாம் பவளத்தின் மடியிலிருந்து பால் பின்னங்கால் வழியாகச் சொட்டிக்கொண்டு வந்தது. பெண்கள் மறைப்பை ஒரு பக்கம் விலக்கி வழி விட்டார்கள்.

டாக்டர் தெய்வாத்தாளின் காதோரம் சொன்னார்: "நஞ்சு விழுந்தாச்சு. மரத்துல இனி பால் நிக்காது. இப்ப இது தாய்கிட்டப் போகலைன்னா..."

குட்டியின் காது இரண்டும் பவளத்தின் பக்கம் திரும்பின. அது நடந்தது. குளம்பில் உறை முழுதும் தேய்ந்து, மண்ணில் டக் டக்கென்று சத்தம் கேட்டது. பாதித் தூரம் போனதும் நின்றது. முன்னால் நிற்பது, தன்னை முகர்ந்துவிட்டு முகம் திருப்பிக்கொண்ட ஒன்று. பின்னால் நிற்பது, பிறந்த நாள் முதல் பால் கொடுத்த ஒன்று. பவளம் மறுபடி கூப்பிட்டது. குட்டி வாலை ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு, திரும்பி, மரத்தை நோக்கி ஓடியது.

குட்டி தன் வழக்கமான விழுதுக்குக் கீழே வந்து வாயைத் திறந்தது.

விழுவதனாலேயே விழுது என்று பெயர் வாங்கியவை, ஆலமரம் தோன்றிய காலம் முதல் கீழே இறங்குவதைத் தவிர வேறொன்றும் அறியாதவை, அப்போது எழுந்தன. முதலில் அந்த ஒன்று, பிறகு அதன் பக்கத்தில் இருந்தது, பிறகு கிழக்கிலும் மேற்கிலும் தொங்கிய எல்லாமே, சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொள்வதுபோல, அவசரமில்லாமல், குட்டியின் வாய்க்கு ஒரு சாண் எட்டாத உயரத்துக்கு எழுந்து நின்றன. குட்டி கழுத்தை நீட்டியது. எம்பியது. முன்னங்காலால் மண்ணைத் தட்டிக் கோபித்துக்கொண்டது. விழுதுகள் நடுங்கின, ஒன்றின் நுனியில் ஒரு சொட்டுத் திரண்டு நின்றது, அந்தச் சொட்டையும் மரம் விழவிடாமல் பிடித்துக்கொண்டது.

மூன்றாம் தடவை பவளம் கூப்பிட்டது. குட்டி திரும்பிப் போய், தாயின் மடியில், இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்பதுபோல ஓங்கி ஒரு முட்டு முட்டி, காம்பைக் கவ்வியது. பவளம் அதன் பின்புறத்தை முகர்ந்தது. நக்கியது. நக்கிக்கொண்டே இருந்தது.

எத்தனையோ தாய்களைப் பார்த்த தெய்வாத்தாள் மரத்தடிக்குப் போய்ப் பட்டையில் புறங்கையை வைத்தாள். சூடு இறங்கத் தொடங்கியிருந்தது. "கெட்டிக்காரி," என்றாள். "எந்த ஆத்தாளுக்கும் அது லேசுல வராது." ஊர்ப்பெண்கள் கீழே கிடந்த தங்கள் தங்கள் சொம்பைத் தேடி எடுத்துக்கொண்டு, மரத்தைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள்.

நஞ்சு விழுந்த குதிரைக்குக் கோதுமைத் தவிட்டில் கருப்பட்டி கரைத்து வெதுவெதுப்பாகக் கஞ்சி வைப்பது பண்ணை வழக்கம். அங்கமுத்து அதைக் காய்ச்சிக்கொண்டு வந்தான். பவளத்தின் முன்னால் ஒரு வாளியை வைத்தான். அவனுடைய இன்னொரு கையிலும் ஒரு வாளி இருந்தது. அதைக் கீழே வைக்காமல், தெய்வாத்தாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, மரத்துக்கும் அவளுக்கும் நடுவில் நின்றான்.

"தப்புங்களாக்கா?"

தெய்வாத்தாள் வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இல்ல சாமி. இன்னுங் கொஞ்சம் ஆறட்டும், அப்பறம் ஊத்து."